முதல் ஸ்பார்க்ளிங் ஒயின்: மொஸ்காட்டோ, ஆஸ்டி, ப்ரொசெக்கோ – எதை எடுப்பது?

முதல்முறையாக ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழியோடு நுரைக்கும் ஒயின், வாங்குகிறவர் அது இனிப்பாகவும் பழவாசனையோடும் இருக்க வேண்டும் என்று நினைத்தால் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. லேபிளில் 'ப்ரூட்' என்று கண்டால் அந்தப் பாட்டிலில் இனிப்பைத் தேட வேண்டாம். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று கண்டால் ப்ரூட்டைவிட ஒரு படி இனிப்பு கூடுதல். வெறும் 'ட்ரை' என்றால் அதற்கும் ஒரு படி மேல். 'ட்ரை' என்றால் ஒயின் பேச்சில் இனிப்பில்லாதது என்று பொருள்; அந்தப் பெயரை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் ப்ரூட். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா ட்ரை. 17 முதல் 32 வரை ட்ரை; பிரெஞ்சுப் பாட்டிலில் இதையே 'செக்' என்பார்கள். 32 முதல் 50 வரை டெமி-செக். 50-ஐத் தாண்டினால் பிரெஞ்சில் 'டூ', இத்தாலியில் 'டோல்சே'. கோலா பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால், சர்பத்துக்கும் பொவொண்டோவுக்கும் பழகிய நாக்குக்கு எக்ஸ்ட்ரா ட்ரை ஏன் புளிப்பாகத் தெரிகிறது என்று விளங்கும். போதாக்குறைக்கு, ஒயினில் கரைந்திருக்கும் வாயுவுக்கே ஒரு சுருக்கென்ற புளிப்பு உண்டு. அது இருக்கிற இனிப்பையும் கொஞ்சம் மறைத்துவிடும்.

பழவாசனை இருந்தால் இனிப்பு இருக்கும் என்பதும் இல்லை. பேரிக்காயும் பச்சை ஆப்பிளும் மணக்கிற இத்தாலிய நுரை ஒயினான ப்ரொசெக்கோவை வாயில் வைத்தால் சர்க்கரை தட்டுப்படாது. கடைக்காரர் 'ஃப்ரூட்டி' என்று சொல்வது மூக்கைப் பற்றியது. உங்களுக்கு வேண்டியது நாக்குக்கும் சேர்த்து என்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் இருக்கிறது: ஆல்கஹால் சதவீதம். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை செலவானால் 1 சதவீதம் கிடைக்கும். பழுத்த மஸ்கட் திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 210 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5.5 சதவீதத்தில் நொதித்தலை நிறுத்தினால் 93 கிராம்தான் செலவாகியிருக்கும். மீதி 117 கிராம் அப்படியே ஒயினில் நிற்கும். 12 சதவீதம் வரை ஓடவிட்டால் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடும். ஆகவே 5 முதல் 7 வரை எண் இருந்தால் இனிப்பு உறுதி. 7.5 முதல் 9 வரை இருந்தால் அநேகமாக இனிப்பு. 11-க்கு மேல் போனால், வேறு சான்று இல்லாதவரை இனிப்பில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டெமி-செக் ஷாம்பெயின் இதற்கு ஒரு விலக்கு. அதில் 12 சதவீத ஆல்கஹால் இருக்கும், கடைசியில் சர்க்கரைக் கரைசல் சேர்ப்பதால் இனிப்பும் இருக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

முதல் பாட்டில் எது என்று கேட்டால் எங்கள் பதில் மொஸ்காட்டோ டாஸ்டி. காரணம் இத்தாலியில் இல்லை, நம் ஊர்ப் பழக்கடையில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் வந்து பாளையங்கோட்டை மார்க்கெட்டில் குவிகிற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தாய்தகப்பனில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அந்த அலெக்சாண்ட்ரியாவைப் பெற்றவற்றில் ஒன்று, மொஸ்காட்டோ டாஸ்டி செய்யப்படும் சின்ன மணி வெள்ளை மஸ்கட். அதாவது இந்த ஒயின் திராட்சை நம் பன்னீர் திராட்சைக்குப் பாட்டி முறை. லினலூல், ஜெரானியால் என்ற வாசனைப் பொருள்கள் இந்தக் குடும்பம் முழுக்க ஓடுகின்றன. பன்னீர் வாசம் வருவது அவற்றால்தான். மற்ற ஒயின் பெரும்பாலானவை நொதித்தபின் திராட்சைபோல மணப்பதில்லை. மஸ்கட் ஒயின் மட்டும் கிண்ணத்தில் ஊற்றிய பிறகும் திராட்சையாகவே மணக்கும். பழகாத மூக்குக்கு இதைவிட எளிய தொடக்கம் கிடையாது.

மொஸ்காட்டோ டாஸ்டியும் ஆஸ்டியும் வட இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் ஒரே திராட்சையில் செய்யப்படுபவை. இரண்டுக்கும் 1993 முதல் டிஓசிஜி என்ற உயர்தரச் சான்று உண்டு. பாட்டில் கழுத்தில் ஒட்டியிருக்கும் காகிதப் பட்டை அதற்கான அடையாளம். செய்முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிழிந்த சாற்றைப் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் குளிர்வித்து வைத்துவிடுவார்கள். தேவைப்படும்போது எடுத்து, மூடிய அழுத்தத் தொட்டியில் நொதிக்கவிட்டு, வேண்டிய அளவு வந்ததும் மறுபடி சடக்கென்று குளிர்வித்து ஈஸ்ட்டை வடிகட்டிவிடுவார்கள். தொட்டியில் நுரை பிடிக்கும் இந்த வழிக்கு 1895-ல் ஆஸ்டி நகரத்தில் காப்புரிமை வாங்கியவர் ஃபெதரிகோ மார்டினோட்டி. 1907-ல் அதைத் திருத்தியமைத்த பிரெஞ்சுக்காரர் ஷார்மாவின் பெயர்தான் உலகத்தில் நிலைத்தது என்பது வேறு கதை.

வித்தியாசம் மூன்று. மொஸ்காட்டோ டாஸ்டியில் ஆல்கஹால் 4.5 முதல் 6.5 வரை; ஆஸ்டியில் அதைவிடக் கூடுதல், பெரும்பாலும் 7 முதல் 7.5. மொஸ்காட்டோ டாஸ்டியில் வாயுவின் அழுத்தம் 2.5 பாரை ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது, அதனால் குமிழி மென்மையாக வரும். ஆஸ்டி முழு நுரை, நாக்கில் சுருக்கென்று ஏறும். மூன்றாவது மூடி. அழுத்தம் குறைவு என்பதால் மொஸ்காட்டோ டாஸ்டி பலவற்றில் சாதாரண நேர் கார்க்கைத்தான் அடித்திருப்பார்கள். வீட்டில் கார்க் திருகி இல்லாவிட்டால் பாட்டிலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கத்தியால் குத்துவது, சுவரில் தட்டுவது எதுவும் வேண்டாம். நுரையுள்ள பாட்டில் அது. ஆஸ்டியில் கம்பி கட்டிய காளான் கார்க் இருக்கும், கையே போதும்.

குழந்தைக்குப் பெயர் வைக்கிற வீட்டிலும் பத்துப் பேருக்குக் கிண்ணம் தூக்கிக் காட்ட வேண்டிய இடத்திலும் ஆஸ்டி பொருத்தம்: சத்தம், நுரை, பளபளப்பு எல்லாம் உண்டு, விலையும் பொதுவாகக் குறைவு. உட்கார்ந்து இரண்டு பேர் ருசித்துக் குடிக்க மொஸ்காட்டோ டாஸ்டி. ஆஸ்டி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 2017 முதல் 'ஆஸ்டி செக்கோ' என்று இனிப்பில்லாத வகையும் வருகிறது. 'டோல்சே' என்ற சொல்லோ 7-க்குப் பக்கத்து எண்ணோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மார்டினி நிறுவனம் ஆஸ்டியும் போடுகிறது, ப்ரொசெக்கோவும் போடுகிறது, கசப்பு மூலிகை சேர்ந்த வெர்மூத்தும் போடுகிறது. 'மார்டினி வாங்கி வாங்க' என்று மட்டும் சொன்னால் எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லேபிளில் வெறும் 'மொஸ்காட்டோ' என்று மட்டும் போட்ட ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பாட்டில்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதற்குப் பெரும்பாலும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாதான் போகிறது. இனிப்பும் வாசமும் இருக்கும். இத்தாலியதில் உள்ள நறுக்கென்ற புளிப்பு குறைவு, அதனால் இரண்டாம் கிண்ணத்தில் திகட்டலாம். அதில் குமிழி இல்லாத வகையும் இருப்பதால் 'ஸ்பார்க்ளிங்' என்ற சொல்லைத் தேடுங்கள்.

சிவப்பு நிறம் வேண்டும் என்பவர்களுக்கு பிராகெட்டோ டாக்வி. அதே பியட்மான்ட், ரோஜாவும் ஸ்ட்ராபெரியும் மணக்கும், ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. கிடைப்பதுதான் அரிது. லாம்ப்ருஸ்கோ எமிலியா-ரொமாஞ்ஞா பகுதிச் சிவப்பு நுரை ஒயின். இதில் 'செக்கோ' என்றால் இனிப்பில்லை, 'அமாபிலே' நடுத்தரம், 'டோல்சே' இனிப்பு. இனிப்பு வகையில் 8 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும். லேசான துவர்ப்பும் உண்டு. நாவல்பழம் பிடிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும்.

ப்ரொசெக்கோவைத்தான் நண்பர்கள் முதலில் சொல்வார்கள், ஏனென்றால் எங்கும் கிடைக்கிறது. க்ளேரா என்ற திராட்சை, வெனிட்டோ, ஃப்ரியூலி பகுதிகள், ஆல்கஹால் 11 சதவீதம். நல்ல சரக்குதான், ஆனால் இனிப்பு தேடுகிற முதல்முறைக்காரருக்கு அல்ல. வேறு வழியில்லாமல் அதுதான் கையில் வந்தது என்றால் ப்ரூட்டை விட்டு எக்ஸ்ட்ரா ட்ரை எடுங்கள். கிடைத்தால் 'ட்ரை' இன்னும் நல்லது. டெமி-செக் ஷாம்பெயினின் விலைக்கு அந்த ருசி தெரிய வேண்டுமானால் ஏற்கெனவே கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். முதல் பாட்டிலுக்கு அந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

நாசிக் பக்கத்து இந்திய நுரை ஒயின்களில் சூலா, ஷாண்டன் இரண்டும் பெயர் பெற்றவை. இவற்றில் அதிகம் கண்ணில் படுவது ப்ரூட்தான். பரிசாக வந்த பாட்டிலைத் திறந்து 'ஒயினே புளிப்பு' என்று முடிவுகட்டியவர்கள் பெரும்பாலும் குடித்தது இதைத்தான். ஷாண்டனில் 'டெலீஸ்' என்ற ஒன்று ஐஸ்கட்டி போட்டுக் குடிப்பதற்கென்றே இனிப்புக் கூட்டிச் செய்தது. உள்நாட்டில் தேடுபவர் அதிலிருந்து தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இறக்குமதி ஒயினை எலைட் கடையில்தான் தேட வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பல பாட்டில்கள் வந்து சேரும் வழி வேறு: துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற அத்தான் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இறங்கும்போது கொண்டுவருவது. ஒரு பயணி 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. அவருக்கு அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: 'மொஸ்காட்டோ டாஸ்டி, இல்லாவிட்டால் ஆஸ்டி டோல்சே. ஆல்கஹால் 8-க்குக் கீழே இருக்கணும். ப்ரூட் வேண்டாம்.' கூடவே லேபிள் படம் ஒன்று.

எந்தக் கடையானாலும் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றால், கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால், அது வெயில் தின்ற சரக்கு. வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில் கண்ணாடி ஜன்னலோரம் நின்றிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெளிச்சம் ஒயினில் கெட்ட முட்டைக்கோஸ் வாடையை உண்டாக்கும். மொஸ்காட்டோ வைத்திருந்து பழக வேண்டிய ஒயின் அல்ல. அந்தப் பன்னீர் வாசம்தான் அதன் உயிர், முதலில் போவதும் அதுதான். லேபிளில் ஆண்டு இருந்தால் புதியதைத் தேர்ந்தெடுங்கள். வாங்கி ஒரு வருஷத்துக்குள் குடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பீரோவுக்குள் வைத்தால் ஒரு வருஷம்கூட அதிகம். ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில், பின்சுவரை ஒட்டி வையுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஆட்டமும் சூடும் படுவது அங்கே குறைவு.

குளிரவைப்பதில்தான் நம் ஊரில் பாதி பாட்டில் வீணாகிறது. மொஸ்காட்டோவுக்கும் ஆஸ்டிக்கும் 6 முதல் 8 டிகிரி வேண்டும். இதற்கு ஃப்ரிட்ஜில் குறைந்தது 3 மணி நேரம். அடிக்கடி கரண்ட் போகிற நாளானால் முந்தின இரவே வைத்துவிடுங்கள். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் 20 முதல் 30 நிமிஷத்தில் தயார். வெறும் ஐஸில் வைத்தால் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், நேரமாகும். தண்ணீர்தான் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும். ஃப்ரீசரில் மட்டும் வைத்து மறந்துவிடாதீர்கள். இந்த ஒயின் பூஜ்யத்துக்கு மூன்று நான்கு டிகிரி கீழேயே உறையத் தொடங்கும். ஃப்ரீசர் இருப்பது மைனஸ் 18-ல். உறைந்து விரிந்தால் கார்க் பறக்கும், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும்.

சூடாகத் திறந்தால் இன்னொரு விதத் தண்டனை. வாயு குளிரில்தான் திரவத்தில் அடங்கியிருக்கும். சூடு ஏற ஏற வெளியே முட்டும். முழு நுரை ஒயினில் அழுத்தம் 5, 6 பார், கார் டயரில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாகர்கோவில் பஸ்ஸில் மடியில் ஆடிக்கொண்டு வந்த பாட்டிலை அன்றே திறந்தால் பாதி தரையில். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் அசையாமல் நிற்கட்டும்.

திறக்கும் முறை: தாளைக் கிழித்துவிட்டு, கட்டைவிரலைக் கார்க்கின் தலையில் வைத்துக்கொண்டே கம்பியின் வளையத்தை ஆறு அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். அந்த நொடியிலிருந்து விரலை எடுக்கக்கூடாது. கம்பி தளர்ந்தபின் கார்க் தானாகவே கிளம்பலாம். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகத்துக்கும் ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும் எதிராக இல்லாமல் பிடியுங்கள். கார்க்கை இறுக்கிப் பிடித்துப் பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். கார்க் வெளியே வரப் பார்க்கும்போது அதை உள்ளே அழுத்துவதுபோலத் தடுத்தால் 'டப்' என்று வெடிக்காமல் 'உஸ்' என்று அடங்கும். சத்தம் வேண்டும் என்பவர்கள் அதற்கு விலையாகக் கொஞ்சம் ஒயினைக் கொடுக்க வேண்டும்.

கிண்ணத்துக்கு நீள ஒல்லிக் கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை. சாதாரண ஒயின் கண்ணாடியில் வாசம் நன்றாகத் தெரியும். எவர்சில்வர் டம்ளர் குளிர்ச்சியைத் தரும், வாசத்தைத் தராது. சோப்பு சரியாக அலசாத கண்ணாடியில் நுரை நிற்காது. வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை அலசிக் கவிழ்த்து வையுங்கள். நம் சூட்டுக்கு ஒரு தடவை 75, 100 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். கிண்ணத்தில் சூடாகிவிட்ட மொஸ்காட்டோ பாகுபோலத் திகட்டும். 'ரொம்ப இனிப்பு' என்று வரும் புகாரில் பெரும்பகுதி இந்தச் சூட்டின் குற்றம்.

என்னத்தோடு குடிப்பது? திருநெல்வேலியில் இந்தக் கேள்விக்கு எல்லார் வாயிலும் முதலில் வருவது அல்வா. அது சரிப்படாது. ஒயின், கூட வைக்கும் பண்டத்தைவிட இனிப்பாகவோ அதே இனிப்பாகவோ இருந்தால்தான் நிற்கும். நெய்யொழுகும் கோதுமை அல்வாவுக்குப் பிறகு 120 கிராம் சர்க்கரை உள்ள மொஸ்காட்டோகூடப் புளித்த தண்ணீராகத் தெரியும். முதலூர் மஸ்கோத் அல்வாவும் அப்படியே. மாறாக, பாசிப்பருப்பும் தேங்காயும் மணக்கிற முந்திரிக்கொத்து, இனிப்புக் குறைவான அச்சு முறுக்கு, பாளையங்கோட்டை வீடுகளில் டிசம்பரில் வெட்டுகிற பிளம் கேக் எல்லாம் நன்றாக ஒத்துப்போகும். இத்தாலியிலும் கிறிஸ்துமஸ் பானெத்தோனே ரொட்டிக்குக் கூட்டாளி ஆஸ்டிதான். குற்றாலச் சீசனில் வரும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அதைவிடப் பொருத்தம். அந்தப் பழங்களில் உள்ள பூவாசம் மஸ்கட்டோடு சேரும்.

காரத்துக்கு இது கை கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சர்க்கரை மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும். ஆல்கஹால் அதைக் கூட்டும். 5.5 சதவீதம் என்பதால் மொஸ்காட்டோ இரண்டு வகையிலும் சாதகம். ஆனால் குமிழியும் எரிச்சலைக் கொஞ்சம் கிளறும் என்பதால் காரமான கோழி வறுவலுக்கு ஆஸ்டியைவிட மென்குமிழி மொஸ்காட்டோ டாஸ்டி நல்லது. பார்டர் பரோட்டாவும் கோழியும் என்றால் எண்ணெயை வெட்ட லாம்ப்ருஸ்கோ அமாபிலே. சொதிக்கு? தேங்காய்ப்பாலின் மென்மைக்கு எக்ஸ்ட்ரா ட்ரை ப்ரொசெக்கோ நன்றாக இருக்கும், கூட இஞ்சிப் பச்சடி இல்லாதவரை.

ஆல்கஹால் குறைவு என்பதை வைத்து மொஸ்காட்டோ டாஸ்டியை ஜூஸ் என்று நினைத்துவிடக்கூடாது. 150 மில்லியில் சுமார் 6.5 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 11 சதவீத ப்ரொசெக்கோவில் அதுபோல இரண்டு மடங்கு. இனிப்பாக இறங்குவதால் அளவு தெரியாமல் போகும். அதே 150 மில்லியில் மூன்றரை டீஸ்பூன் சர்க்கரையும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்: சர்க்கரை ஏறுவது மட்டுமல்ல, சில மாத்திரைகளோடு ஆல்கஹால் சேர்ந்தால் தாழவும் செய்யும். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. வண்டி ஓட்டுகிறவர் அன்றைக்கு நன்னாரி சர்பத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

பன்னீர் திராட்சை மலிவாகக் கிடைக்கிறதே, வீட்டிலேயே போட்டுவிடலாமே என்று ஒரு யோசனை கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வரும். உரிமமில்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம் என்பது ஒரு பக்கம். மறுபக்கம் கணக்கு: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மூடிய பாட்டிலில் நொதித்தாலே சுமார் 1 பார் அழுத்தம் ஏறும். 30 கிராம் மிச்சமிருந்தால் 7 பாரைத் தாண்டும். கண்ணாடி ஜூஸ் பாட்டில் அதைத் தாங்காது. ஆஸ்டிக்காரர்கள் ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்துவிடுவதால்தான் 100 கிராமுக்கு மேல் சர்க்கரையோடு அவர்கள் பாட்டில் அமைதியாக நிற்கிறது.

திறந்த பாட்டில் மிஞ்சினால் கழுத்தில் கரண்டியைத் தொங்கவிடும் வைத்தியம் பலிக்காது. ஷாம்பெயின் ஸ்டாப்பர் என்று இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் மூடி கிடைக்கும். அதைப் போட்டு ஃப்ரிட்ஜில் நிற்கவைத்தால் மறுநாள் இரவு வரை குமிழி இருக்கும். பிடுங்கிய கார்க்கை மறுபடி அடித்து இறுக்காதீர்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்து நடுராத்திரியில் ஃப்ரிட்ஜுக்குள் பறக்கும். குமிழி போய்விட்டதென்றால் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் ஐஸ் துருவலாகும், பெரியவர்களுக்கு மட்டும்.